கண்ணுக்குள் திரும்பக் கூடாத லென்ஸ்

உளுந்து வடையின் வெளி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சுற்றிவரும் திசையில் வளைவு குறைவு. மேலிருந்து கீழாகத் தடவினால் வளைவு அதிகம். இப்படி இரு திசைகளில் இருவேறு வளைவு கொண்ட வடிவமே டோரிக். இந்த வடிவ லென்ஸைக் கண்ணுக்குள் வைப்பது ஏன்?

கண்ணின் இயற்கை லென்ஸ் மங்கிப்போவதே கண்புரை. அதை அகற்றிச் செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி தொடங்கினார். இன்று மதுரை ஆரோலேப் உட்படப் பல நிறுவனங்கள் இந்த லென்ஸ்களைத் தயாரிக்கின்றன.

சிலருக்குக் கண்ணின் முன்பகுதியான கார்னியா பந்துபோல் சீராக இல்லாமல் ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கும். அதனால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. எழுத்துகள் இழுபட்டுத் தெரியும். இதுதான் சிதறல் பார்வை. டோரிக் லென்ஸ் இதை ஈடுசெய்யும். ஆனால், சரியான கோணத்தில் நின்றால் மட்டுமே!

ஜார்ஜ்டவுன் விக்டோரியா மணிக்கூண்டின் நிமிட முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் அது 6 பாகை நகரும். லென்ஸ் அவ்வளவு திரும்பினாலே பலனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். முள் 12இலிருந்து 1க்கு வரும் தூரம் 30 பாகை. லென்ஸ் அவ்வளவு திரும்பினால் பலன் முழுவதும் போய்விடும். அதற்கும் மேல் திரும்பினால் கோளாறு முன்பைவிட அதிகமாகும்.

லென்ஸ் ஏன் திரும்புகிறது? இயற்கை லென்ஸை மூடியிருந்த மெல்லிய உறைக்குள்தான் புதிய லென்ஸ் வைக்கப்படுகிறது. அதன் இரு கால்களும் உறையின் சுவரை அழுத்திப் பிடிக்கின்றன. உறை பெரிதாக இருந்தாலோ, அறுவையின்போது செலுத்திய வழவழப்பான கூழ் உள்ளே தங்கிவிட்டாலோ பிடி தளரும். பெரும்பாலும் முதல் நாளுக்குள்ளேயே லென்ஸ் நகர்ந்துவிடுகிறது. சில வாரங்களில் உறை சுருங்கி லென்ஸை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு அசைவது அரிது. அதிகமாகத் திரும்பியிருந்தால், அறுவை மருத்துவர் அதை மீண்டும் சரியான கோணத்துக்குத் திருப்பி வைப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் படுக்கும்போது கண்விழியே சில பாகை சுழலக்கூடும். அதனால்தான் நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் கோணத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

திரிகோணமிதி படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: லென்ஸின் ஆற்றல் கோளாறுக்குச் சமமாக இருந்தால், மிஞ்சும் கோளாற்றின் பங்கு = 2 × சைன் (திரும்பிய கோணம்). 30 பாகையின் சைன் 0.5. இரட்டித்தால் 1. அதாவது, பழைய அளவுக் கோளாறு வேறு திசையில் அப்படியே நிற்கிறது! 10 பாகைக்கு எவ்வளவு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.