பயிற்சியை அளந்து கூறும் நடைக்கோல்

நெடுநாள் நோயினின்று எழுந்தவர் பழைய வலிமையைப் பெற நடைப்பயிற்சி பெரிதும் துணைபுரிகிறது. ஆயினும், அப்பயிற்சி முறையாக நடைபெறுகிறதா என்று பார்ப்பவர் யார்? இயன்முறை மருத்துவர் வந்து கற்பித்துச் செல்கிறார். அவர் மீண்டும் வரும் வரையில் நோயாளி தனியே நடக்கிறார். அதற்குள் தவறான முறை வழக்கமாகிவிடின், உழைப்பு வீணாவதுடன் தோளிலும் மணிக்கட்டிலும் வலி காணக்கூடும். இக்குறையை ஓரளவு நீக்க வந்த சாதனமே உணர்கருவி பொருத்திய நடைக்கோல்.

இரு கைகளிலும் கோல் கொண்டு நடக்கும் இப்பயிற்சி பின்லாந்து நாட்டிற்கு உரியது. அந்நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாக் கோடையில் கோல்களுடன் நடந்து பழகி வந்தனர். 1997-ஆம் ஆண்டில் நடப்பதற்கென்றே செய்யப்பட்ட கோல்கள் அங்கு விற்பனைக்கு வந்தபின், பொதுமக்களிடையேயும் இது பரவிற்று. ‘நார்டிக் நடை’ என்னும் இப்பயிற்சி, இதய நோய், நாட்பட்ட நுரையீரல் நோய், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றால் நலிவுற்றோர்க்கும் பல நாடுகளில் கற்பிக்கப்பெறுகிறது.

முறை யாது?

இக்கோல் முதியோர் ஊன்றும் கைத்தடியன்று. இதன் நீளம் நடப்பவரின் உயரத்தில் ஏறக்குறைய 0.68 பங்கு இருத்தல் வேண்டும், 165 செ.மீ. உயரமுடையவருக்கு 112 செ.மீ. போதும். வலக்கால் முன்செல்லும்போது இடக்கை முன்வர வேண்டும். கோலைச் செங்குத்தாக நிறுத்தாமல், அதன் நுனி பின்னோக்கி இருக்குமாறு சாய்த்து ஊன்றித் தரையைப் பின்னே தள்ள வேண்டும். மேழியை அழுத்தாமல் வெறுமனே பிடித்துச் சென்றால் கொழு மண்ணில் இறங்குவதில்லை. அதுபோலவே, அழுத்தித் தள்ளாத கோலால் கைக்கும் தோளுக்கும் உரிய பயிற்சி கிட்டுவதில்லை.

கோல் அளப்பது எவ்வாறு?

கோலினுள் அமைந்த ஓர் உறுப்பு, ஊன்றும் விசையை அளக்கிறது. நியாயவிலைக் கடையின் மின்னணுத் தராசில் எடையை உணரும் உறுப்பைப் போன்றதே இது. கோலின் அசைவையும் சாய்வையும் அறியும் நுண்கருவிகளும் உடன் உள்ளன. இவை கண்ட அளவுகள் கம்பியின்றிக் கைப்பேசிக்குச் செல்கின்றன. எவ்வளவு விசையுடன் ஊன்றினார், எவ்வளவு நேரம் கோல் தரையில் இருந்தது, எந்தச் சாய்வில் இருந்தது, இரு கைகளும் ஒத்து உழைத்தனவா என்பன அதில் பதிவாகின்றன. நடக்க நடக்க இடக்கையின் விசை குறைந்துகொண்டே வருமாயின், அக்கை சோர்வடைவதை மருத்துவர் அறிந்து பயிற்சியை மாற்றி அமைக்கலாம்.

எனினும், கோல் அறியாதனவும் உள. நடப்பவரின் மூச்சிரைப்பையும், மூட்டு வலியையும், பாதம் தடுமாறுவதையும் அது காணாது. ஆதலின் அது மருத்துவரின் கண்ணுக்குத் துணையேயன்றி மாற்றன்று. மருத்துவரின் அனுமதியின்றி எவரும் இப்பயிற்சியைத் தொடங்குதல் கூடாது.

நாம் செய்யத்தக்கது

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறைச் சிகிச்சையையும் நம் மாநிலத்து இல்லங்களுக்குக் கொண்டுசென்றது. சிகிச்சை வீட்டிற்கு வந்தாலும், இடைப்பட்ட நாட்களின் பயிற்சி நம் பொறுப்பேயாகும். விலையுயர்ந்த கோல் இல்லையே என்று நாம் தயங்க வேண்டுவதில்லை. மருத்துவர் கற்பிக்கும் பயிற்சி எதுவாயினும், கவனிக்க வேண்டியவற்றை வீட்டார் ஒருவர் கேட்டறிந்து, நாள்தோறும் உடனிருந்து பார்த்து, குறித்து வைக்கலாம். ஊராட்சி உறுப்பினர்கள் மேடு பள்ளமற்ற, வெளிச்சமுள்ள நடைபாதை ஒன்றை அமைத்துத் தரலாம். தனியே நடப்பவரை ஊரே கவனித்துக்கொண்டால், அவர் விரைவில் தம் வயலுக்கும் நடந்து செல்வார்.