பாட்டிலும் 'சாம்பிள்' இருக்கு: 10 விநாடிக்குள் எடுத்தால் காப்பிரைட் வராதா?

திருப்பூரில் 'சாம்பிள்' என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு பீஸ் தைத்து பையருக்கு அனுப்புவாங்க. அவர் அப்ரூவல் கொடுத்த பிறகுதான் பல்க் கட்டிங். ஹிப் ஹாப், டிஜே இசையிலும் இதே வார்த்தை புழங்குகிறது. ஆனால் அங்கே பல நேரம் பல்க் முதலில் ஓடிவிடும். அப்ரூவல் விஷயம் அப்புறம் நோட்டீஸாக வரும்.

பழைய ரெக்கார்டிங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வேகத்தை மாற்றி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் புதுப் பாட்டைக் கட்டுவதுதான் சாம்பிளிங். நம்ம ஊர் பாட்டும் இப்படிப் போயிருக்கு. 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2003-ல் சாம்பிள் செய்தது. 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு', இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஐ.ஏ.வின் 2007 ஆல்பத்தில் இருக்கிறது. கேட்டுப் பாருங்க, தாளம் பழசு, பாட்டு வேற. துண்டு எடுத்தார் என்பதற்காகவே அதைப் படைப்பு இல்லை என்று தள்ளிவிட முடியாது.

யாரிடம் அனுமதி வாங்கணும்?

இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு பூட்டு. மெட்டும் வரிகளும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பாடி வாசித்தால் முதல் பூட்டு. ஒலித்துண்டை அப்படியே எடுத்தால் இரண்டும். பனியன் துணி உங்களுடையதாக இருக்கலாம், அதில் அடித்த கார்ட்டூன் யாருடையது?

'குட் பேட் அக்லி' படத்தில் பழைய பாடல்களைப் பயன்படுத்தியதை எதிர்த்து இளையராஜா வழக்குப் போட்டார். 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அது சாம்பிளிங் வழக்கு இல்லை. ஆனாலும் சிக்கல் இதேதான். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அனுமதி வாங்கிவிட்டோம் என்றது படத்தரப்பு. சாவி யாரிடம் இருக்கு என்பதுதான் சண்டையே.

அப்போ 10 விநாடி கணக்கு?

அப்படி ஒரு கணக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 5 விநாடியும் இல்லை, 30 விநாடியும் இல்லை. மிக அற்பமான அளவு என்றால் நீதிமன்றம் விட்டுவிடலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நீதிபதி, மிக்ஸ் போடுபவர் அல்ல.

அமெரிக்காவிலேயே குழப்பம்தான். சுமார் 2 விநாடி கிடார் துண்டு தொடர்பான வழக்கில், லைசென்ஸ் வாங்கு, இல்லாவிட்டால் சாம்பிள் செய்யாதே என்றது 2005-ல் ஒரு நீதிமன்றம். மடோனாவின் 'வோக்' பாட்டில் இருந்த 0.23 விநாடி ஊதுகருவி ஒலியை, கேட்பவர்களால் அடையாளம் காண முடியாது என்று 2016-ல் வேறொரு நீதிமன்றம் விட்டுவிட்டது.

பணம் வாசித்தவருக்குப் போகுமா?

பெரும்பாலும் போவதில்லை. 1969-ல் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் கிரிகரி கோல்மன் ஒரு பாட்டின் நடுவே 6, 7 விநாடி டிரம்ஸ் வாசித்தார். பின்னாளில் ஆயிரக்கணக்கான ஹிப் ஹாப், டான்ஸ் பாடல்களில் அந்தத் துண்டு ஒலித்தது. ராயல்டி வரவில்லை. 2015-ல் ரசிகர்கள் ஆன்லைனில் வசூலித்து, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் சுமார் 24,000 பவுண்ட் கொடுத்தார்கள். கோல்மன் 2006-லேயே இறந்துவிட்டார்.