கூரைக் குளத்துத் தாமரைகள் அச்சுக்குக் கிளம்பியாச்சு!

அச்சாகி வரும்வரை இந்தப் பூப்படங்களை யார் கண்ணிலும் காட்டக் கூடாதென்றுதான் இருந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. கதவை ஒருக்களித்து வைக்கிறேன், சத்தமில்லாமல் எட்டிப் பாருங்கள்.

பூக்களுக்கு ஊர் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அறிவர் கோவில் குடைவரைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே ஒரு தாமரைக் குளம்! யானையும் எருமையும் இறங்கியிருக்கின்றன, மீன் துள்ளுகிறது, அன்னம் நீந்துகிறது. நடுவே ஒருவர் பூக்கூடையும் கையுமாகத் தாமரை பறிக்கிறார். 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோவிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

எனக்குத் தலைகால் புரியாமல் போனது வண்ணங்களைப் பார்த்துத்தான். சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை மண், கொஞ்சம் நீலம். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு குளத்தையே நிரப்பியிருக்கிறார்கள்! சரி, எனக்கும் அதே ஆறுதான் என்று சபதம் போட்டுவிட்டேன்.

இப்போது மேசைக்கு வாருங்கள். மொட்டு ஒரு தாளில், பாதி விரிந்தது ஒரு தாளில், முழுத் தாமரை ஒரு தாளில், இலைகள் தனியாக. பென்சிலில் கோடு, அதன்மேல் இந்தியன் இங்க். கோடு ஒரே தடிமனில் ஓடக் கூடாது. இதழின் அடியில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். அப்போதுதான் பூ மூச்சு விடும்.

அடுத்து ஸ்கேனர். 600 டிபிஐயில் எடுத்துவிட்டால், 300 டிபிஐயில் அச்சிடும்போது பூவை நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், கோடு பிசிறாது. இனிமேல் கணினியில்தான் கொண்டாட்டம்! தனித்தனியாக வரைந்ததால் மொட்டை இலைக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம், பூவைத் தலைகீழாகத் திருப்பலாம், நினைத்த இடத்தில் குளம் வெட்டலாம். ஒவ்வொரு வண்ணமும் தனி லேயரில். மஞ்சளின் மேல் சிவப்பை மெல்லிசாகப் படரவிட்டால் இதழ் ஓரத்தில் கேட்காமலே ஒரு செம்மஞ்சள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏழாவது வண்ணம் இலவசம்!

அச்சில்தான் கொஞ்சம் படபடப்பு. திரை தானே ஒளிவிடும். காகிதத்தால் அது முடியாது. அதனால் திரையில் பளீரென்ற நிறம் தாளில் ஒரு படி அடங்கித்தான் வரும். முதலில் ஒரு சின்னத் துண்டில் சோதனை அச்சு, மை காய்ந்தபிறகு பகல் வெளிச்சத்தில் ஒரு பார்வை, அப்புறம்தான் பெரிய தாள். பருத்திக் கூழில் செய்த தாளும் பிக்மென்ட் மையும் சேர்ந்தால் காவிச் சிவப்புக்கு வரும் மண்வாசனை இருக்கிறதே, அடடா!

போதும், கதவைச் சாத்துகிறேன். போகிறபோக்கில் ஒரு ரகசியம்: அடுத்த வரிசைக்கு ஆவாரம்பூ காத்திருக்கிறது. காவி மஞ்சள் இன்னும் நிறையவே மிச்சமிருக்கிறது!