திரையும் வரைகலை அட்டையும்

நுழையும் முன்

விலை உயர்ந்த பொருள் எல்லா இடத்திலும் பொருந்தும் என்று கூற முடியாது. நுண்மையான கணினித் திரை ஒன்றை வாங்கினால், அதற்கு ஏற்ற வரைகலை அட்டை எது, அட்டை தேவைதானா என்பதைக் கணக்கிட்டு அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பெங்களூரு மாநகரில் டவுன் ஹாலுக்கும் கே.ஆர். மார்க்கெட்டிற்கும் அருகே எஸ்.பி. சாலை உள்ளது. சதர் பத்ரப்பா சாலை என்பது அதன் முழுப்பெயர். கணினி உறுப்புகளை விற்கும் சிறு கடைகள் அங்கு நெருக்கமாக அமைந்துள்ளன. கன்னடம், தமிழ், இந்தி, உருது ஆகிய மொழிகளில் விலை பேசும் குரல்களை அங்கே ஒரே நேரத்தில் கேட்கலாம். அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணினிகளும் அங்கு விற்பனைக்கு வருகின்றன. குறைந்த விலைக்குக் கிடைப்பதால் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பலர் அவற்றை வாங்குகின்றனர்.

அத்தகைய கணினி ஒன்று உங்கள் வீட்டில் இருப்பதாகக் கொள்வோம். அதனுடன் இணைக்க 27 அங்குல 4கே திரை ஒன்றை வாங்க எண்ணுகிறீர்கள். "இந்தத் திரைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்று ஒருவர் கூறுகிறார். அவ்வாறு வாங்கினால் திரையின் விலையைவிட அட்டையின் விலை மிகுந்துவிடவும் கூடும். அவர் கூறுவது உண்மையா?

திரையில் தோன்றும் படம் படப்புள்ளிகளால் ஆனது. இவற்றைப் பிக்சல் என்றும் கூறுவர். பரவலாகப் பயன்படும் முழு எச்.டி. திரையில் குறுக்காக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் உள்ளன, மொத்தம் 20,73,600. 4கே திரையில் இவை 3840, 2160 என இருமடங்காகின்றன. ஆகவே மொத்த எண்ணிக்கை 82,94,400 ஆகிறது. இது நான்கு மடங்கு. தமிழ் படிப்போருக்கு இதனால் விளையும் நன்மை தனியானது. நம் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. ண, ன ஆகியவற்றின் சுழிகளும் மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள சிறு புள்ளியும் பழைய திரைகளில் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டி மங்கிவிடும். 24 அங்குல முழு எச்.டி. திரையில் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளிகளே உள்ளன. 27 அங்குல 4கே திரையிலோ 163 புள்ளிகள் உள்ளன. அதில் அச்சிட்ட நூலைப் போல எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.

இத்தனை புள்ளிகளையும் கணினி ஒருமுறை அனுப்பினால் போதாது. திரை ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. இதனை 60 ஹெர்ட்ஸ் என்பர். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்கச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 8 பிட் வீதம் 24 பிட் தேவை. 82,94,400 என்பதை 24 ஆலும் பின்னர் 60 ஆலும் பெருக்கிப் பாருங்கள். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட் என்று விடை வரும். அத்தனையும் ஒரு வடத்தின் வழியே செல்ல வேண்டும்.

ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும் மதகு குறுகியதாக இருந்தால் வயலுக்குப் போதிய நீர் வராது. இங்கு அட்டை ஏரி; செருகுவாய் மதகு; வடம் வாய்க்கால்; திரை வயல். 2009-இல் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறையில் படத்திற்குக் கிடைக்கும் கொள்ளளவு நொடிக்கு 8.16 கிகாபிட். நமக்கோ 12 வேண்டும். எனவே அவ்வழியில் 4கே படம் நொடிக்கு 30 முறை மட்டுமே செல்லும். படம் தெரியும், ஆனால் சுட்டியை நகர்த்தினால் அது தயங்கித் தயங்கி நகரும். திரையே பழுதென்று எண்ணி அதனைத் திருப்பிக் கொடுக்க முனைவோரும் உண்டு. 2013-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 முறையின் கொள்ளளவு 14.4 கிகாபிட். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 முறைக்கு 17.28 கிகாபிட். இவ்விரண்டும் போதுமானவை.

இப்போது வீட்டிலுள்ள கணினிக்குத் திரும்புவோம். இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரையிலான மேசைக் கணினிச் சில்லுகள் பலவற்றில் வரைகலைப் பகுதி உள்ளேயே அமைந்துள்ளது. அதன் எச்.டி.எம்.ஐ. வழி 1.4 முறையைச் சார்ந்தது. டிஸ்ப்ளேபோர்ட் வழி 1.2 முறையைச் சார்ந்தது. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட கணினிகள் பலவற்றின் பின்புறத்தில் டிஸ்ப்ளேபோர்ட் செருகுவாய் உண்டு. அதில் வடத்தைச் செருகினால் தனி அட்டை இன்றியே 4கே படம் 60 ஹெர்ட்ஸ் வேகத்தில் கிடைக்கும். படித்தல், எழுதுதல், காணொளிப் பாடம் பார்த்தல் ஆகியவற்றுக்கு இதுவே போதும். பல ஆயிரம் ரூபாய் கேட்கும் அட்டை செய்ய வேண்டிய வேலையைச் சில நூறு ரூபாய் வடம் செய்துவிடுகிறது! ஆனால் டிஸ்ப்ளேபோர்ட்டை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் மலிவான இணைப்பிகளை இடையில் பொருத்தினால் மீண்டும் 30 ஹெர்ட்ஸ் நிலைக்கே வந்துவிடக்கூடும். இரு முனையும் டிஸ்ப்ளேபோர்ட்டாக உள்ள வடத்தையே கேட்டு வாங்குக.

இச்சிக்கல் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 2001-இல் டி220 என்ற 22.2 அங்குலத் திரையை வெளியிட்டது. அதில் 3840 × 2400 புள்ளிகள், அதாவது 92 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் இருந்தன. அக்காலத்து டி.வி.ஐ. வடம் ஒன்றால் அத்தனை புள்ளிகளை விரைவாகக் கொண்டுசெல்ல இயலவில்லை. ஆகவே ஒரே திரைக்கு நான்கு வடங்களை இணைக்கும்படி அமைத்தனர். திரை முன்னே சென்றுவிட, வடம் பின்தங்கி நின்ற காலம் அது.

அப்படியானால் தனி அட்டை யாருக்குத் தேவை? முப்பரிமாண விளையாட்டு ஆடுவோருக்கும், முப்பரிமாண உருவங்களை வடிவமைப்போருக்கும், கனமான காணொளிகளைத் தொகுப்போருக்கும் தேவை. ஆயத்தமான படத்தை அனுப்புவது எளிது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நொடிக்கு 60 முறை புதிதாகக் கணக்கிடுவதே கடினம். 4கே திரையில் அவ்வுழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

அட்டை வாங்குவோர் முதலில் கேட்பது "எத்தனை ஜி.பி.?" என்பதே. இக்கேள்வி பாதிதான் சரி. ஒரு 4கே படத்தைத் தாங்க, புள்ளிக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 33 எம்.பி. நினைவகம் போதும். விளையாட்டில் வரும் சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்களே ஜி.பி. கணக்கில் இடம் கேட்கின்றன. ஆகவே நினைவக அளவு மட்டும் அட்டையின் விரைவைக் காட்டாது.

அதைவிட முதன்மையானது, அட்டை நம் பெட்டிக்குள் அடங்குமா என்பது. சிறிய அலுவலகக் கணினிகளில் உள்ள மின்வழங்கி, 200 வாட் அளவினதாகவே இருக்கலாம். கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். தாய்ப்பலகையின் செருகுவாய் வழியாக அட்டைக்குக் கிடைக்கும் மின்திறன் உச்ச அளவாக 75 வாட். 2017-இல் வந்த ஜி.டி. 1030 அட்டைக்கு 30 வாட்டே போதும், எச்.டி.எம்.ஐ. 2.0 வழியும் அதில் உண்டு; உயரம் குறைந்த வடிவிலும் அது கிடைத்தது. புதிய விளையாட்டுகளை 4கே அளவில் ஆட அதனால் இயலாது. மாறாக, ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டை 450 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதற்கு 850 வாட் மின்வழங்கி வேண்டும் என்று என்விடியா நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதன் நீளமோ 30 சென்டிமீட்டருக்கும் மேல். சிறு பெட்டியில் அதனை வைக்க இடமே இராது. எனவே கடைக்குச் செல்லும் முன் பெட்டியின் உள்நீளத்தை அளவுகோலால் அளந்து, மின்வழங்கியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் வாட் அளவைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நடுத்தர அட்டை வைத்திருப்போருக்கு மற்றொரு வழியும் உண்டு. விளையாட்டை மட்டும் 1920 × 1080 அளவில் ஓடவிடலாம். 4கே திரை அதனினும் இரு பக்கமும் சரியாக இருமடங்கு ஆதலால், ஒரு புள்ளியை நான்கு புள்ளிகளாக விரித்துக் காட்ட முடியும். பாடம் படிக்கும்போது முழு 4கே அளவுக்கு மாறிக்கொள்ளலாம்.

அட்டையைப் பொருத்திய பின் திரையின் வடத்தை அட்டையின் செருகுவாயில்தான் இணைக்க வேண்டும். பழக்கத்தால் தாய்ப்பலகையின் செருகுவாயிலேயே விட்டுவிட்டால், வாங்கிய அட்டை வேலையின்றிக் கிடக்கும். இறுதியாகக் கணினியின் திரை அமைப்புகளைத் திறந்து பாருங்கள். 3840 × 2160 என்றும் 60 ஹெர்ட்ஸ் என்றும் அங்கே காட்ட வேண்டும். 30 என்று காட்டினால் முதலில் வடத்தை மாற்றிப் பாருங்கள். அட்டையைக் குறை கூறுவது அதன் பிறகு.

சொல்லும் பொருளும்

வடம் – கம்பிக் கயிறு, கேபிள்
மதகு – ஏரி நீரைத் திறந்துவிடும் வாயில்
செருகுவாய் – போர்ட்
தாய்ப்பலகை – மதர்போர்டு

சிந்தித்து எழுதுக

1. 2560 × 1440 புள்ளிகள் கொண்ட திரைக்கு 60 ஹெர்ட்ஸ் வேகத்தில் நொடிக்கு எத்தனை கிகாபிட் தேவை? எச்.டி.எம்.ஐ. 1.4 வழி அதற்குப் போதுமா?
2. உங்கள் வீட்டுக் கணினியின் பின்புறத்தில் உள்ள செருகுவாய்களைப் பார்த்து, அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதுக.