போரை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு

1941 டிசம்பர் 8. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடிய மன்றத்துக்கு நேரில் வந்து, ஜப்பானுக்கு எதிரான போர்ப் பிரகடனத்தைக் கேட்டார். தாக்கப்பட்ட நாட்டின் தலைவர் திருப்பி அடிக்க யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று அவர் வாதிட்டிருக்கலாம். வாதிடவில்லை, கேட்டார். செனட்டில் 82-0, பிரதிநிதிகள் சபையில் 388-1. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

எதிர்த்த அந்த ஒருவர் மொன்டானாவின் ஜேனட் ரேங்கின், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். 1917இல் முதல் உலகப் போருக்கு எதிராகவும் வாக்களித்தவர். அன்று அவரோடு 49 உறுப்பினர்கள் இருந்தார்கள். 1941இல் தனியாள். கூச்சலுக்கும் கூட்டத்துக்கும் தப்பி ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்கினார். காவலர்கள் வந்து அவரை அறைக்கு அழைத்துச் சென்றார்கள். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவே இல்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2001 செப்டம்பர் 14 அன்று, அதே சபையில் 420-1. இந்த முறை தனித்து நின்றவர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, காவல் போட வேண்டியிருந்தது. இரண்டு பெண்களின் துணிவும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் எதிர்த்த தீர்மானங்கள் ஒன்றல்ல. ரேங்கின் எதிர்த்தது ஒரு நாட்டின் பெயர் சொல்லிய போர்ப் பிரகடனம். லீ எதிர்த்தது, சுமார் அறுபது சொற்களில் அதிபருக்கு அளிக்கப்பட்ட அனுமதி: செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், உதவியவர்கள், புகலிடம் தந்தவர்கள் யார் என்று அவரே தீர்மானித்துப் படை அனுப்பலாம். அதில் எதிரி நாட்டின் பெயர் கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. தாக்குதலுக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்தும், இருபது ஆண்டுகள் கழித்தும் இதே அனுமதியைக் காட்டினார்கள். ஆப்கானிஸ்தானுக்காக எழுதப்பட்டதாக எல்லோரும் நினைத்த அந்தத் தீர்மானம் ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் போனது, 2014இல் ஐ.எஸ். அமைப்புக்கு எதிரான போருக்கும் போனது. லீ அஞ்சியது அப்படியே நடந்தது.

அரசமைப்பை எழுதியவர்கள் போட்ட கணக்கு வேறு. 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் போர்ப் பிரகடன அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் கொடுத்தார்கள். திடீர்த் தாக்குதலை முறியடிப்பது மட்டும் அதிபர் பொறுப்பு. முழு அதிகாரத்தையும் அதிபரிடமே விடலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னபோது, குடியரசில் இப்படியொரு யோசனையைக் கேட்க நேருமென்று எதிர்பார்க்கவில்லை என்று எல்பிரிட்ஜ் ஜெர்ரி அதிர்ந்தார். காகிதத்தில் இருந்த தடையைவிடப் பெரிய தடை நடைமுறையில் இருந்தது. 1789இல் அமெரிக்காவின் நிரந்தரப் படையில் ஆயிரம் பேர்கூட இல்லை. அதிபர் போருக்குப் போக ஆசைப்பட்டாலும் ஆளும் பணமும் கேட்டு அவையின் வாசலுக்குத்தான் வர வேண்டும். இன்று மிசௌரியிலிருந்து கிளம்பும் குண்டுவீச்சு விமானம் உலகத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிய பிறகு உறுப்பினர்களுக்குச் செய்தி தெரிகிறது.

அன்று எல்லாம் நேர்மையாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பூர்வகுடிகள் மீது நடந்த போர்களுக்குப் பிரகடனம் எதுவும் இல்லை. 1846இல் அதிபர் ஜேம்ஸ் போல்க், மெக்சிகோவும் உரிமை கோரிய நிலத்துக்குள் படையை அனுப்பி, மோதல் மூண்ட பிறகு பிரகடனம் கேட்டு வாங்கினார். ஆனால் அன்றைய அவைக்கு முதுகெலும்பு இருந்தது. ரத்தம் சிந்திய இடம் எது, அது யாருடைய மண் என்று காட்டுங்கள் என அதிபரை நெருக்கினார் இல்லினாய்ஸிலிருந்து புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர். ஆபிரகாம் லிங்கன் என்பது அவர் பெயர். 1848 ஜனவரியில், சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, போல்க் தேவையில்லாமலும் அரசமைப்புக்கு முரணாகவும் போரைத் தொடங்கினார் என்று பிரதிநிதிகள் சபை 85-81 என வாக்களித்தது.

வழக்கம் முறிந்தது 1950இல். கொரியாவுக்கு அதிபர் ட்ரூமன் படை அனுப்பியபோது பிரகடனம் கேட்கவில்லை. 1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது அறிவித்ததே அமெரிக்காவின் கடைசிப் போர்ப் பிரகடனம். வியட்நாமுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. நடக்காத ஒரு கடல் தாக்குதலையும் நம்பி, 1964இல் செனட்டில் இருவர் மட்டுமே எதிர்க்க நிறைவேறியது. அமெரிக்கர்கள் மட்டும் 58,000 பேருக்கு மேல் இறந்தார்கள்; வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில்.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரச் சட்டம். அதிபர் நிக்சனின் வீட்டோவைத் தோற்கடித்து நிறைவேறியது. 48 மணி நேரத்தில் அறிக்கை. 60 நாளில் அனுமதி கிடைக்காவிட்டால் படையைத் திருப்ப வேண்டும், அதற்குக் கூடுதலாக 30 நாள். இரு அவைகளும் சேர்ந்து சொன்னால் அதிபர் கையெழுத்து இல்லாமலே படை திரும்ப வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருந்தது. அதன் பல்லைப் பிடுங்கியது போருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் சத்தாவின் விசா காலாவதியானது. அவரை நாடுகடத்த வேண்டாமென அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். பிரதிநிதிகள் சபை அதை ரத்து செய்தது. அதிபரிடம் போகாமல் அவை தானாக இப்படி ரத்து செய்வது செல்லாது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சத்தாவுக்கு நியாயம் கிடைத்தது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தர்க்கப்படி, படையைத் திரும்ப அழைக்கும் தீர்மானமும் அதிபரின் மேசைக்குப் போயாக வேண்டும். அவர் வீட்டோ செய்தால், அதை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

தலைகீழ் மாற்றம் இதுதான். போரைத் தொடங்கப் பெரும்பான்மை தேவைப்பட்ட நாட்டில், இன்று போரை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படுகிறது. ஏமன் போரில் சவூதி கூட்டணிக்கு அமெரிக்கா அளித்த உதவியை நிறுத்தச் சொல்லி 2019இல் இரு அவைகளும் வாக்களித்தன. டிரம்ப் வீட்டோ செய்தார். 2020இல் ஈரான் விஷயத்திலும் அதே கதை. இரு முறையும் அவைகளின் பெரும்பான்மை தோற்றது. 2025 ஜூனில் அமெரிக்கா ஈரானின் அணுசக்தி நிலையங்களைத் தாக்கிய பிறகு வந்த இதுபோன்ற தீர்மானமோ செனட்டிலேயே 47-53 என வீழ்ந்தது.

குற்றம் அதிபர்களுடையது மட்டுமல்ல. 1999இல் கொசோவோ வான்தாக்குதலுக்கு அனுமதி கோரிய தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 213-213 எனச் சமமாகி விழுந்தது; குண்டுவீச்சு தொடர்ந்தது, அதே அவை அதற்குப் பணமும் ஒதுக்கியது. போர் வென்றால் பாராட்டலாம், தோற்றால் திட்டலாம். வாக்களிக்காதவருக்கு இரண்டும் வசதி. அடுத்த தேர்தலில் ரேங்கினின் நிலை வரக்கூடாது என்ற பயம் அது.

2021இல் செனட்டர்கள் கிறிஸ் மர்ஃபி, மைக் லீ, பெர்னி சாண்டர்ஸ் ஆகிய மூவரும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மூவரும் அரசியலில் வெவ்வேறு திசைக்காரர்கள். 60 நாள் கெடு 20 நாளாகும். அதற்குள் அனுமதி இல்லையென்றால் நிதி தானாக நிற்கும். வீட்டோவைத் தாண்ட வேண்டிய அவசியமே எழாது, அவை வாக்களிக்காமல் நழுவவும் முடியாது. என் பார்வையில் பழைய கணக்கை மீட்கும் நேரான வழி அதுதான். அந்த மசோதா சட்டமாகவில்லை. 2001இன் அனுமதி மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.