சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சூப்பர்சார்ஜர்: அழுத்தம் வேறு, அடர்த்தி வேறு

பெட்ரோல் இயந்திரத்தின் ஆற்றல் முழுவதும் பெட்ரோலில் அடங்கியுள்ளதாகவே பலரும் கருதுவர். அது பாதி உண்மையே. ஒரு கிலோகிராம் பெட்ரோல் செவ்வனே எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். பெட்ரோலை மிகுதியாக ஊட்டுதல் எளிது. காற்றை மிகுதியாக ஊட்டுதலே அரிது. சாதாரண இயந்திரத்தில், வளிமண்டல அழுத்தம் எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுமோ அவ்வளவே சிலிண்டரை அடைகிறது. இவ்வெல்லையைக் கடக்கும் பொருட்டுக் காற்றை வலிந்து உட்செலுத்தும் கருவியே சூப்பர்சார்ஜர். தமிழில் மிகையூட்டி எனலாம்.

இதன் முன்னோடி மோட்டார் காரினும் பழமையானது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காற்றூதி, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றைச் செலுத்தப் பயன்பட்டது. ஒன்றோடொன்று உராயாமல் எதிரெதிராகச் சுழலும் இரு உருளைகள், தம் இடைவெளிகளில் சிக்கிய காற்றை ஒரு புறத்திலிருந்து மறு புறம் தள்ளுவதே அதன் அமைப்பு. மிகையூட்டி பொருத்திய பியட் கார் 1923 ஆம் ஆண்டு இத்தாலியக் கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்ற பின்னர், பந்தயக் கார்களில் இக்கருவி பெருவழக்காயிற்று.

தொழிற்சாலையினர் பொருத்தாத காரில் இதனைத் தம் கொட்டகையிலேயே பொருத்திப் பார்க்கும் ஆர்வலர்கள் பிரிட்டனில் மிகப் பலர். 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அவர்களுக்கு உகந்தது. அதன் இயந்திரக் கொள்ளளவு 1,597 கன சென்டிமீட்டர். திறன் ஏறத்தாழ 115 குதிரைத் திறன். பயன்பாட்டிலிருந்து நீங்கிய மினி கூப்பர் எஸ் கார்களிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்-45 என்னும் ரூட்ஸ் வகை ஊதியை இதற்கு வாங்குவர். 45 என்பது அது ஒரு சுற்றில் தள்ளும் காற்றைக் கன அங்குலத்தில் குறிக்கும்; அஃதாவது 0.74 லிட்டர்.

இனிக் கணக்கைக் காண்போம். நான்கு வீச்சு இயந்திரம் இரு சுற்றுகளுக்கு ஒரு முறையே தன் முழுக் கொள்ளளவுக் காற்றை உறிஞ்சுகிறது. எனவே ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர். ஊதியைக் கிராங்க் தண்டைப்போல் 1.6 மடங்கு விரைவாகச் சுழற்றுமாறு கப்பிகளை அமைத்தால், ஒரு சுற்றுக்கு 1.18 லிட்டர் காற்று வந்து சேரும். 0.8 லிட்டர் செல்லும் இடத்தில் 1.18 லிட்டரைத் திணிப்பதால் அழுத்தம் உயர்கிறது. கசிவைக் கழித்து, அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 1.4 மடங்கு எனக் கொள்வோம்.

அழுத்தம் 40 விழுக்காடு கூடியமையால் திறனும் 40 விழுக்காடு கூடும் என்று எண்ணிவிடலாகாது. சைக்கிள் பம்பினால் காற்றடிக்கும்போது அதன் அடிப்பகுதி சுடுவதை மாணவர்கள் அறிவர். ஊதியிலும் அவ்வாறே நிகழ்கிறது. 30 டிகிரி சென்டிகிரேடில் நுழையும் காற்று, இவ்வகை ஊதியின் திறமையை 60 விழுக்காடாகக் கொண்டால், ஏறத்தாழ 81 டிகிரியில் வெளிவரும். தனிவெப்பநிலை அளவில் இது 303-இலிருந்து 354 ஆக உயர்வதாகும். 1.4-ஐ 303-ஆல் பெருக்கி 354-ஆல் வகுத்தால் 1.2 கிடைக்கும். அடர்த்தி 20 விழுக்காடே கூடியுள்ளது! அழுத்தமானி காட்டியதில் பாதியே கைக்கு வந்தது. காற்றைச் சூடாக்கிய ஆற்றலும் இயந்திரத்திலிருந்தே பெறப்பட்டது. நிமிடத்திற்கு 6,000 சுற்றில் அது 7 அல்லது 8 குதிரைத் திறனை விழுங்கும்.

ஊதிக்கும் இயந்திரத்திற்கும் இடையே, ரேடியேட்டர் போன்ற காற்றுக் குளிர்விப்பான் ஒன்றை வைத்து வெப்பத்தை 45 டிகிரிக்குக் குறைத்தால், அழுத்தம் மாறாதிருக்க, அடர்த்தி 33 விழுக்காடு கூடும்.

சூடான காற்றினால் விளையும் தீங்கு திறன் குறைவோடு நிற்பதில்லை. தீப்பொறி பிறந்ததும் சுடர் சிலிண்டரில் படிப்படியாகப் பரவ வேண்டும். கலவை முன்னரே மிகுந்த சூடும் அழுத்தமும் கொண்டிருப்பின், சுடர் சென்றடையுமுன் கடைக்கோடியிலுள்ள கலவை தானே ஒருசேரத் தீப்பற்றும். இதுவே தட்டல் எனப்படுவது. சுத்தியலால் அடித்தாற்போன்ற ஓசை எழும். பிஸ்டனின் மேற்பரப்பைக் காத்து நிற்கும் மெல்லிய வாயுப் படலம் இவ்வதிர்ச்சியால் சிதைகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எரியும் வாயுவோ 2,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. எனவே தட்டல் நீடித்தால் பிஸ்டன் உருகித் துளைபடும்.

தொழிற்சாலையினர் இதனைத் தவிர்த்த முறை கருதத்தக்கது. 2002 முதல் 2006 வரை விற்பனையான மினி கூப்பர் காரில், மிகையூட்டி இல்லாத 1.6 லிட்டர் இயந்திரத்தின் அமுக்க விகிதம் 10.6, மிகையூட்டி பொருத்திய கூப்பர் எஸ் இயந்திரத்தில் அது 8.3 ஆகக் குறைக்கப்பட்டது. மாஸ்டாவின் விகிதமோ 9.4, இயந்திரத்தைப் பிரிக்காமல் இதனைக் குறைத்தல் இயலாது. ஆகவே கொட்டகையில் பணி செய்வோர் அழுத்தத்தை மிதமாக வைத்து, தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி, உயர் ஆக்டேன் பெட்ரோலைப் பயன்படுத்த வேண்டும். காற்று 33 விழுக்காடு கூடினால் பெட்ரோலும் அவ்வளவேனும் கூட வேண்டும். பீச்சிகள் அதற்குப் போதாவிடில் கலவை வறண்டு மேலும் சூடேறும். எரிபொருள் ஏற்பாட்டை முதலிலும், ஊதியைப் பின்னரும் பொருத்துவதே முறையாகும்.

வேறு இரண்டு செய்திகளும் நினைவிற்குரியன. ஊதியைத் தாங்கும் சட்டம் தடித்த தகட்டால் ஆகி, கப்பிகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சட்டம் சிறிது வளைந்தாலும் பட்டை கழன்றோடும். திராட்டில் வால்வுக்கு முன்னே ஊதி அமையுமாயின், வால்வு மூடும்போது தேங்கும் காற்று திரும்பிச் செல்ல ஒரு மாற்றுவழி வால்வு இன்றியமையாதது.

திறன் கூடிய காருக்கு அதற்கேற்ற பிரேக்கும் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இந்தியாவில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை உரிமையாளர் மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆதலின் இங்கு இப்பொருள் சாலைக்குரியதன்று, வகுப்பறைக்குரியது. சைக்கிள் பம்பு, வெப்பமானி ஒன்று, மேற்கண்ட பெருக்கலும் வகுத்தலும் ஆகிய இவை இருந்தால், வாயு விதிகளை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டுவதில்லை.