பள்ளி என்றால் கோயில், வெள்ளம் என்றால் தண்ணீர்

கேரள எல்லையோரக் கத்தோலிக்க மழலையர் வகுப்புகளில் தமிழ்க் குழந்தைகள் வாரந்தோறும் மூன்று மொழிகளைச் சந்திக்கிறார்கள். வீட்டு மொழிக்கு அங்கே என்ன இடம்?

தேயிலைத் தோட்டங்களில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடுகிறது. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க அம்மா புறப்படுமுன் குழந்தையின் தலையைச் சீவி, டிபன் டப்பாவைப் பையில் திணித்து, ஜீப்பிலோ வேனிலோ ஏற்றிவிட வேண்டும். வண்டி மலைப் பாதையில் வளைந்து வளைந்து இறங்கி, சிலுவை வைத்த ஒரு வாசலில் நிற்கிறது. அங்கே அங்கி அணிந்த கன்னியாஸ்திரீ ஒருவர் கையைப் பிடித்து இறக்கி விடுகிறார். இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு பகுதிகளில் இது அன்றாடக் காட்சி. வடக்கே பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையில்லை, தென்னந்தோப்பும் வயலும்தான். வேனும் சிலுவையும் அங்கேயும் உண்டு.

இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை அல்ல. இரண்டுக்கும் பொதுவானது கிழக்கு எல்லை. ஒன்று கோவையைப் பார்க்கிறது, மற்றது தேனியைப் பார்க்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 5 லட்சம் பேர். இடுக்கியில் மட்டும் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தமிழர். மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரும் போராட்டமே நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கோடு போட்டவர்கள் போய்விட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் கொள்ளுப் பேரன்கள் இப்போது எல்.கே.ஜி.யில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வாரம், ஒரு பாடம்

மழலையர் வகுப்பு வாரக் கணக்கில் நடப்பது. ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு நிறம், 'நம் வீடு' அல்லது 'காய்கறிகள்' என்று ஒரு பொருள். திங்களன்று அறிமுகம். அடுத்த நாட்களில் மணலில் விரலால் எழுதுவது, படத்துக்கு வண்ணம் தீட்டுவது, பாட்டு, கதை. வெள்ளியன்று திருப்பிப் பார்த்தல். கத்தோலிக்கப் பள்ளிகளில் இதோடு இன்னொரு இழையும் சேரும். காலை ஜெபம், சாப்பாட்டுக்கு முன் சிலுவை அடையாளம், பகிர்ந்து உண்பது, மன்னிப்புக் கேட்பது போன்ற ஏதாவது ஒரு நற்பண்பு. அக்டோபர் வந்தால் ஜெபமாலை, டிசம்பர் வந்தால் குடில்.

வகுப்பில் எல்லாரும் கத்தோலிக்கர்கள் அல்ல. இந்துக் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் கலந்தே உட்கார்ந்திருப்பார்கள். அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவின்படி, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் எவரையும் அவர் சம்மதமின்றி, சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றி, மத போதனையில் பங்கேற்கச் செய்ய முடியாது. அதனால்தான் பெரும்பாலும் ஞானோபதேசம் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போகிறது. வார நாட்களில் 'நன்னெறி' என்ற பெயரில் பொதுவான கதைகள் மிஞ்சுகின்றன. மதம் பற்றிய கேள்விக்கு இப்படி ஒரு வழி கண்டாகிவிட்டது. விடை காணாமல் கிடப்பது மொழி பற்றிய கேள்வி.

நெருங்கிய மொழி, வழுக்கும் சொல்

மூன்றரை வயதுத் தமிழ்க் குழந்தைக்குப் 'பள்ளி' என்றால் படிக்கிற இடம். மலையாளத்தில் 'பள்ளி' என்றால் சர்ச், அல்லது மசூதி. படிக்கிற இடம் 'பள்ளிக்கூடம்'. ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கும்போது, "பள்ளிக்குப் போகலாம்" என்று டீச்சர் சொன்னால், ஏற்கெனவே பள்ளியில்தானே இருக்கிறோம் என்று குழந்தை விழிக்கத்தான் செய்யும்.

'வெள்ளம்' வேண்டுமா என்று கேட்டால் மலையாளத்தில் குடிதண்ணீர். தமிழில் ஊரையே அடித்துக்கொண்டு போவது. 1924 பெருவெள்ளத்தில் தன் மலை ரயிலையே பறிகொடுத்த மூணாறில் அந்தச் சொல் லேசானதல்ல. விளையாட அழைக்கும் 'களி' நம் குழந்தைக்குக் கேழ்வரகுக் களி. 'பட்டி' அங்கே நாய். ஆண்டிபட்டியில் பாட்டி வீடு வைத்திருக்கும் குழந்தைக்கு ஊர்ப்பெயரின் வால். 'கரையண்டா' என்றால் அழாதே என்று அர்த்தம். தமிழ்ப் பிள்ளைக்கு அது ஆற்றங்கரை.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் மழலையர் வகுப்பில் டீச்சரின் வாய்ச்சொல்தான் பாடப்புத்தகம். முற்றிலும் அந்நியமான மொழி என்றால் டீச்சரும் உஷாராக இருப்பார்; சைகை காட்டுவார், படம் காட்டுவார். மலையாளமும் தமிழும் அக்கா தங்கை மொழிகள் என்பதால், குழந்தைக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வது எளிது. புரியாமல் பேசாமலிருக்கும் குழந்தை 'கூச்ச சுபாவம்' என்றோ 'மந்தம்' என்றோ பெயர் வாங்கிவிடுகிறது.

எழுத்தும் அப்படித்தான். தமிழில் ஒரு 'க' போதும்; இடத்துக்கேற்ப ஒலி தானே மாறிக்கொள்ளும். மலையாளத்தில் அதே வரிசையில் நான்கு எழுத்துகள், நான்கு ஒலிகள். வீட்டில் காதால் கேட்டிராத மூச்சொலிகளைத் தமிழ்க் குழந்தை எழுத்தோடு சேர்த்துப் புதிதாகப் பழக வேண்டும். கூடவே ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக. பெயர்ப்பலகையில் 'இங்கிலீஷ் மீடியம்' என்று இருப்பதால் எழுத்து வேலையில் பெரும்பங்கு அதற்கே. மூன்று மொழி வகுப்பில் வீட்டு மொழியின் எழுத்துக்கு மட்டும் பெரும்பாலும் வாரம் ஒதுக்கப்படுவதில்லை.

கோயிலில் தமிழ், வகுப்பில்?

இதில் கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை விசித்திரமானது. மூணாறின் மவுண்ட் கார்மல் ஆலயம் 1898இல் ஸ்பெயின் நாட்டுக் கார்மலைட் பாதிரியார் அல்போன்சால் தொடங்கப்பட்டது. தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களே அதன் ஆதி மந்தை. இப்போது விஜயபுரம் லத்தீன் மறைமாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஆலயத்துக்கு 2024இல் பசிலிக்கா அந்தஸ்து கிடைத்தது. பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியின் லத்தீன் கத்தோலிக்கர்கள் வெகுகாலம் கோவை மறைமாவட்டத்தின் கீழ் இருந்தவர்கள். 2013 டிசம்பரில்தான் சுல்தான்பேட்டை தனி மறைமாவட்டமாயிற்று. இந்த ஆலயங்களில் தமிழ்ப் பூசை புதிதல்ல. 1960களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்தது. கடவுளிடம் பேச வீட்டு மொழி வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட திருச்சபையின் பள்ளிகளில், குழந்தையிடம் பேச அது வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

கேரளத்தில் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் பிணைத்தவர் சாவறா குரியாக்கோஸ் எலியாஸ். ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1864இல் அவர் பிறப்பித்த உத்தரவு கேரளத்தின் எழுத்தறிவு வரலாற்றில் ஒரு மைல்கல். ஏழைப் பிள்ளைகள் பசியோடு உட்காரக் கூடாதென்று பிடியரிசி சேர்த்து உணவளிக்கும் ஏற்பாட்டோடும் அவர் பெயர் இணைந்திருக்கிறது. 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1866இல் கூனம்மாவில் அவர் முன்முயற்சியால் தொடங்கிய கன்னியர் சபையின் வழிவந்தவர்களும், வேறு பல சபைகளின் சகோதரிகளும்தான் கேரளம் முழுக்க மழலையர் வகுப்புகளை நடத்துகிறார்கள். குழந்தைக்குப் பசிக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே யோசித்த மரபு இது.

இன்னொரு முன்னோடி இதே மலைத் தொடரில் வாழ்ந்தவர். கத்தோலிக்கரான இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே இருப்பது ஒரு மலைமுகடு மட்டுமே. சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. குழந்தை ஏற்கெனவே பேசும் ஒலிக்கு உருவம் தருவதுதான் அதன் சூட்சுமம். பேசாத மொழியின் எழுத்தை விரல் தடவினால், அது வெறும் படம்.

சட்டம் ஆறு வயதில் தொடங்குகிறது

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு. மாநில மறுசீரமைப்பை ஒட்டி 1956இல் சேர்க்கப்பட்டது. கேரளத்தில் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் 'ஆரம்பக் கல்வி' என்ற சொல்லுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் எந்தக் கணக்கில்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே உரிமை தருகிறது. 3 வயதிலிருந்து 6 வரை அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்பதோடு நின்றுவிடுகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையும், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் வீட்டு மொழியை வலியுறுத்துகின்றன. கொள்கை என்பது அறிவுரை; நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமை அல்ல.

இதற்கிடையே, பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டத்தைக் கேரளம் 2017இல் கொண்டுவந்தபோது மொழிச் சிறுபான்மையினரிடையே கவலை எழுந்தது. விவாதம் முழுவதும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. மொழி உண்மையில் இடம் மாறும் வயது அதற்கு முன்பே கடந்துவிடுகிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சகோதரிகளை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்டு வாசலில் நிற்பவர்கள் பெற்றோர்கள்தாம். கொழுந்து கிள்ளியே மூன்று தலைமுறை போய்விட்டது, என் பிள்ளையாவது லயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற தவிப்பு அதில் இருக்கிறது. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு மூணாறு வீதியில் உட்கார்ந்த 'பெம்பிளை ஒருமை' பெண்களின் கோபத்துக்கு அடியிலும் இதே தவிப்புதான். கேரளத்தில் வேலைக்கும் அலுவலகத்துக்கும் மலையாளமும் வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று எந்தத் தமிழ்ப் பெற்றோரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

ஆனால் மழலை வயதில் வீட்டு மொழியைத் தள்ளிவைத்தால்தான் இங்கிலீஷ் வரும் என்பது தவறான கணக்கு. முதல் மொழியில் எண்ணவும், வகைப்படுத்தவும், கதை சொல்லவும் பழகிய குழந்தை, அந்தத் திறனை அப்படியே அடுத்த மொழிக்கு எடுத்துச் செல்கிறது. சிவப்பு என்ற கருத்து ஒருமுறை மனதில் பதிந்தால் அதற்கு மூன்று பெயர் ஒட்டுவது பெரிய வேலையல்ல. கருத்தும் பெயரும் ஒரே நாளில் அந்நிய மொழியில் வந்தால், பெயர் மனப்பாடமாகும், கருத்து நழுவும்.

வெள்ளிக்கிழமைச் சீட்டு

இந்தச் சிக்கலின் மையம், வாரக் கடைசியில் குழந்தையின் பையில் வரும் சீட்டு அல்லது டைரி. இந்த வாரம் என்ன படித்தோம், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும், பெரும்பாலும் இங்கிலீஷில், சில இடங்களில் மலையாளத்தில். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது என்பதைத் தவிர வித்தியாசமில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் அதை மடித்து வைத்துவிடுகிறாள், அல்லது ஏழாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டுகிறாள், அல்லது டியூஷனுக்குப் பணம் கட்டுகிறாள். பெற்றோரே குழந்தையின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி பற்றிய அறிக்கை 1965இல் சொன்னது. அந்த முதல் ஆசிரியைக்குத்தான் பாடக்குறிப்புப் புரியவில்லை.

இதன் விளைவு மெதுவாகத் தெரிகிறது. சொல்லித்தர இயலாத தாய், பிள்ளையின் கண்ணில் 'ஒன்றும் தெரியாதவள்' ஆகிறாள். அவளுக்கு எத்தனையோ தெரியும். எந்தச் செடி கொழுந்து விடும், எந்த மேகம் மழை தரும் என்று தெரியும்; தாலாட்டும் விடுகதையும் தெரியும். இவையெல்லாம் மழலையர் வகுப்பின் வாராந்தரப் பொருட்கள்தாம். செடி, மழை, பாட்டு, எண்ணிக்கை என்று பாடத்திட்டம் வீட்டிலேயே கிடக்கிறது.

வழி பெரிய செலவுள்ளதல்ல. வாரச் சீட்டின் கீழே நான்கு வரி தமிழில் எழுதலாம். மூன்று பிரிவுகளுக்கு ஒருவராவது தமிழ் பேசும் ஆயாவோ டீச்சரோ இருக்கலாம். தோட்டத்திலேயே படித்த பெண்கள் கிடைக்கிறார்கள். வாரத்தில் ஒரு கதை தமிழில், அதைச் சொல்ல ஒரு பாட்டி. 'வெள்ளம்', 'களி', 'பள்ளி' போன்ற வழுக்குச் சொற்களின் பட்டியல் ஒன்று டீச்சரின் மேஜையில் இருக்கலாம். உள்ளூர்ப் பெண்களைப் பணியாளர்களாகக் கொண்ட அங்கன்வாடிகளில் இதில் பாதி தானாகவே நடக்கிறது. தமிழுக்கு நெருக்கமான பேச்சுடைய முதுவான் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் இடமலைக்குடியில், அவர்கள் பேச்சு மொழியை ஏணியாக வைத்து மலையாளம் கற்பிக்கும் முயற்சியை அரசுக் கல்வித் திட்டமே மேற்கொண்டிருக்கிறது. காட்டுக்குள் முடிவது மூணாறு டவுனில் முடியாதா?

1864இல் குழந்தையின் வயிற்றுக்குப் பிடியரிசி சேர்த்தார்கள். இப்போது தேவைப்படுவது பிடிச் சொல். அதைக் கொடுக்க ஒவ்வொரு லயத்திலும் ஒரு தாய் காத்திருக்கிறாள். வாங்கிக்கொள்ளத்தான் வகுப்பறைக் கதவு கொஞ்சம் திறக்க வேண்டும்.